கார் ஆலையின் ஆயுளைத் தீர்மானிப்பவை: பெருங்களத்தூர், மறைமலை நகர் ஆலைகளும் கடலூர் மாவட்டத்துக்கான படிப்பினையும்

சிதம்பரத்திலிருந்து கடலூர், விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் இருப்புப்பாதையோரம், மறைமலை நகரிலும் பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியிலும், இருவேறு காலங்களில் இயங்கி நின்றுபோன இரண்டு கார் ஆலைகள் இருந்தன. அவற்றின் வீழ்ச்சிக்குத் தொழிலாளர் திறனில் குறை தேடுவது பொருந்தாது என்பதும், உற்பத்தித் திறனுக்கும் சந்தைக்கும் இடையிலான பொருத்தமின்மையே அடிப்படைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விடுதலைக்குப் பின் சென்னையில் கார் தொழில், பிரித்த நிலையில் இறக்குமதியான பாகங்களைப் பூட்டும் பணியாகவே நடந்தது. பாகங்களை உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டமுள்ள நிறுவனங்களே நீடிக்கலாம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்ததும், வெறும் பூட்டுதலை நம்பியிருந்த அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. ஆஸ்டின் கார்களைப் பூட்டிய எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், லாரித் தயாரிப்புக்கு மாறி 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. பெருங்களத்தூர்–வண்டலூர் ஆலையை நடத்திய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமோ கார்களிலேயே ஊன்றி, ஹெரால்டு போன்றவற்றைத் தயாரித்தது. ஆனால் 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000, புதிய உடலுக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த என்ஜினைக் கொண்டிருந்ததால், மாருதிக்குப் பிந்தைய சந்தையில் நிலைக்கவில்லை.

மறைமலை நகரில் 1999-இல் ஐகான் காருடன் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோர்டு ஆலையின் நிலை வேறு. இத்தகைய ஆலையில் பிரஸ் ஷாப் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கிறது. பாடி ஷாப்பில் அவை ஸ்பாட் வெல்டிங் மூலம் கூடாக இணைகின்றன. பெயிண்ட் ஷாப்பில் அக்கூடு முழுவதும் மின்னூட்டப்பட்ட பூச்சுத் தொட்டியில் மூழ்கியெழுந்து சூளையில் காய்கிறது. பின்னர் உள்வேலைக்கு இடம்விடக் கதவுகளைக் கழற்றித் தனி வரிசையில் அனுப்பி, இறுதியில் அதே காருக்கு மீண்டும் மாட்டுகின்றனர். ஆண்டுக்கு 2,00,000 கார் திறனை 300 வேலைநாள்களுக்கும் நாளொன்றுக்கு 20 மணி நேரத்துக்கும் பகிர்ந்தால், ஏறத்தாழ 108 விநாடிக்கு ஒரு கார் வெளிவர வேண்டும். விற்பனை குறைந்து வரிசையின் வேகம் தளர்ந்தாலும், அச்சுகளுக்கும் சூளைகளுக்கும் இட்ட முதலீட்டின் சுமை குறைவதில்லை. அது எஞ்சிய ஒவ்வொரு காரின் மீதும் ஏறுகிறது.

வேலைத்தரம் போதாமையே மூடலுக்குக் காரணம் எனக் கருதுவோருக்கு, இவ்வாலையின் ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது என்ற உண்மை போதிய மறுப்பாகும். 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட இயக்க நட்டத்தைச் சுட்டி 2021 செப்டம்பரில் நிறுவனம் வெளியேற்றத்தை அறிவித்தது. 2022 ஜூலையில் இறுதிக் கார் வெளிவந்தது.

நெய்வேலி நிலக்கரியையும் கடலூர் சிப்காட்டின் வேதித் தொழிலையும் சார்ந்த கடலூர் மாவட்டத்துக்கு இது அயல் வரலாறு அன்று. 1945 முதல் பொறியியல் கற்பிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், மாவட்டத்தின் ஐடிஐகளும், ஒரு நிறுவனத்தின் ஒரு மாடலுக்கென ஆள்களைப் பழக்காமல், வெல்டிங், அச்சுக் கருவித் தயாரிப்பு, இயந்திரப் பராமரிப்பு என எந்த ஆலைக்கும் பொருந்தும் திறன்களில் ஊன்ற வேண்டும். பெரிய ஆலையொன்றை ஈர்ப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. அது மூடப்பட்டாலும் வேறு வாடிக்கையாளரைப் பெறக்கூடிய பாகத் தயாரிப்புத் தொழில்களை மாவட்டத்திலேயே வளர்ப்பதும் அக்கடமையில் அடங்கும்.