வில்லியனூரில் கம்பியும் அலையும்

செஞ்சியை அடுத்த வல்லத்தில் எங்கள் மேசைக் கணினியில் கம்பி இணைப்பையும் வைஃபையையும் ஒருங்கே வைத்திருக்கிறோம். ஒன்று அறுந்தால் மற்றது கைகொடுக்கும். இதைப் புதுமை என்றே எண்ணியிருந்தோம், புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் நினைவுக்கு வரும்வரை.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அப்பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. இணையச் செய்தி தொலைபேசிக் கம்பி வழியே வில்லியனூர் மையத்தை அடையும், அங்கிருந்து வி.எச்.எப். வானொலிக் கருவி அதனைச் சிற்றூர்க் கணினிகளுக்கு அனுப்பும். சிற்றூர்களில் தொலைபேசியையும் நம்ப முடியாது, மின்சாரத்தையும் நம்ப முடியாது. பின்னதற்குச் சூரிய மின்தகடுகள் துணைநின்றன.

வீராம்பட்டினத்து மீனவருக்கு இது உயிர்ப்பிரச்சினை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தந்த அலை உயர முன்கணிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வழியே கரையெங்கும் கேட்டது. போர்க்கப்பலுக்குக் கணித்த அலை கட்டுமரத்துக்கும் உதவிற்று, பாருங்கள்!

அதே கடற்கரையின் நல்லவாட்டிலும் இத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். படகுகள் போயின, ஏறத்தாழ 3,600 பேர் பிழைத்தனர்.