கருவறைக்குள் நுழைந்த சட்டம்

இன்னார் வயிற்றில் பிறந்தவன் உயர்ந்தவன், இன்னார் வயிற்றில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று சாத்திரம் பேசிற்று. நாம் எள்ளி நகையாடினோம். நன்று! ஆனால் அதே பேச்சு, சுவடியைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளை அங்கி அணிந்து, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால்? கேள்வி கேட்போமா, கைகட்டி நிற்போமா?

வந்தது, தோழர்களே! வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது.

1883-இல் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் 'யூஜெனிக்ஸ்' என்னும் சொல்லைப் படைத்தார். நற்பிறவிகளைப் பெருக்குவதும் மற்றவற்றைக் குறைப்பதும் அதன் நோக்கம். எது நற்பிறவி? அளக்கும் கோல் செல்வர் கையில் இருந்தது, அளக்கப்பட்டவர் வறியவர்.

1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. வர்ஜீனியாவிலோ 1924 மார்ச் 20-இல் இரண்டு சட்டங்கள் ஒருசேர நிறைவேறின. ஒன்று, வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைத் தடுத்தது. மற்றொன்று, அறிவு குன்றியோர் என முத்திரையிடப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்ய வழிவகுத்தது. கலப்பு மணத்திற்குத் தடை ஒரு கையில். கருவறைக்குக் கத்தி மறு கையில்! மனுவுக்குக் கடல் கடந்தும் மாணாக்கர் இருந்தனர் போலும்.

கேரி பக் ஓர் ஏழைப் பெண். வளர்த்த வீட்டாரின் உறவினனால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். கெடுத்தவனைத் தேடுவாரில்லை, கெட்டழிந்தவளைத்தான் 'அறிவு குன்றியவள்' என்று கூறிக் காப்பகத்தில் அடைத்தனர். அவளுடைய தாய் அங்கு முன்னரே அடைபட்டிருந்தாள். கைக்குழந்தையும் குறையுடையதே என்று சாட்சி கூறினர். ஹாரி லாஃப்லின் என்ற வல்லுநர், கேரியை நேரில் பாராமலே சான்று அளித்தார். அவளுக்காக வாதாட வந்த வழக்கறிஞரோ, அதே காப்பகத்தின் ஆட்சிக்குழுவில் முன்பு இருந்தவர்!

1927 மே 2-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று, அச்சட்டம் செல்லும் என்றது. அக்டோபரில் அறுவை நடந்தது. அப்போது கேரிக்கு வயது 21. 'குறையுள்ள' குழந்தை என்றார்களே, அவள் பள்ளியில் சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். 1932-இல், எட்டு வயதில் நோயுற்று மறைந்தாள்.

அமெரிக்காவில் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டோர் 60,000-க்கும் மேல். 1933-இல் இட்லர் ஆட்சி இயற்றிய சட்டத்திற்கு அமெரிக்கச் சட்டங்கள் முன்மாதிரியாயின. அங்கே பலியானோர் ஏறத்தாழ 4,00,000. வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கேட்ட ஆண்டு 2002. அப்போது கேரி மறைந்து 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 2018-இல் சீன ஆய்வாளர் ஒருவர், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். 2019-இல் அவர் சிறைத்தண்டனை பெற்றார். நம் நாட்டில் கருவின் நோயறிய வந்த சோதனை, பெண் சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியாயிற்று. அதைத் தடுக்க 1994-இல் சட்டமே தேவைப்பட்டது.

'ஆண்டவன் படைப்பில் கைவைக்காதே' என்பவர் கட்சி நம் கட்சியன்று. தாலசீமியா போன்ற கொடுநோயைக் கருவிலேயே அறிவது அறிவின் வெற்றி. அதை வரவேற்போம். ஆனால் விஞ்ஞானத்தை வணங்குவது பகுத்தறிவாகாது, வினவுவதே பகுத்தறிவு.

'இது மருத்துவர் வேலை, மாணவருக்கு என்ன தெரியும்?' என்பர். கேரியின் வழக்கில் மருத்துவரும் நீதிபதியும் இருந்தனர். கேரியின் சொல்லுக்குத்தான் இடமில்லை. நாளைய தாயும் தந்தையும் ஆகப்போகிறவர்கள் நீங்கள். உங்களைக் கேளாமல் உங்கள் பிள்ளைகளின் இலக்கணத்தை எழுத எவருக்கு உரிமை?

ஆகவே, இளைஞர்களே! படிப்பகத்தில், மாணவர் மன்றத்தில், பட்டிமன்ற மேடையில் இவ்வினாக்களை எழுப்புங்கள். நோய் எது, வேற்றுமை எது? பிரிப்பவர் யார்? உடற்குறையுடைய தோழர்க்கு அந்த அவையில் இடமுண்டா? செல்வர் மட்டும் விலைகொடுத்து 'மேலான' மக்களைப் பெற்றால், அது புதிய வருணமன்றோ?

தீர்ப்பு எழுதப்படுமுன் பேசுங்கள். எழுதிய பின் கேட்கப்படும் மன்னிப்பு, கல்லறையின் காதில்தான் விழும்.