வீராணக் கரையிலிருந்து வெள்ளித்திரைக்கு

லால்பேட்டையை ஒட்டிய வீராணம் ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குகிறது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த தொடர் அது. சினிமா கல்கிக்குப் புதிதல்ல. 1939-இல் அவரது ‘தியாகபூமி’யை கே. சுப்ரமணியம் படமாக்கியபோது, ஆனந்த விகடனில் கதை அந்தப் படத்தின் ஸ்டில்களோடு தொடராக வந்தது. இன்றைய விளம்பரக்காரர்களே பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு.

கல்கி 1954-இல் மறைந்தார். 1958-இல் ‘பொன்னியின் செல்வ’னின் பட உரிமையை எம்.ஜி.ஆர். வாங்கினார். திரைக்கதை எழுத அமர்த்தப்பட்டவர், பின்னாளில் ‘முள்ளும் மலரும்’ இயக்கிய மகேந்திரன். எம்.ஜி.ஆருக்கு ஏற்பட்ட விபத்தால் வேலை தடைப்பட்டது. பிறகு படம் எழவே இல்லை. ஐந்து பாகக் கதையை மூன்று மணி நேரத்தில் அடக்குவதும் லேசுப்பட்ட காரியமல்ல.

வீராணம் ஏரி இருக்கும் அதே மாவட்டத்து மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் வேறு வழியில் போனார். தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைப் பாட்டே இல்லாத படமாக 1965-இல் தாமே இயக்கினார். தேசிய விருதும் கிடைத்தது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தை இயக்கியவர் பீம்சிங், திரைக்கதை ஜெயகாந்தனுடையது.

‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இயக்கத்தில் இரண்டு படங்களாக வெளிவந்தது. வசனம் எழுதியவர் இன்னொரு நாவலாசிரியர், ஜெயமோகன்.