பாப்பாரப்பட்டி பாரதமாதா ஆலயம்

பாப்பாரப்பட்டி பாரதமாதா ஆலயம் என்பது, தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா எழுப்ப முயன்ற தேசிய வழிபாட்டிடமாகும். நாட்டைத் தாயாக உருவகித்து, சாதி, சமய வேறுபாடின்றி எல்லோரும் ஒன்றுகூடி வணங்கும் இடமாக அது அமைய வேண்டும் என்று சிவா விரும்பினார். 1923ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற இத்திட்டம், 1925இல் அவர் மறைந்ததால் நிறைவேறாமல் நின்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் தமிழ்நாடு அரசால் நினைவாலயமாக உருப்பெற்றது. ஓவியம், இதழியல், நாடகம், வழிபாடு ஆகியவை அரசியலோடு எவ்வாறு பிணைந்து இயங்கின என்பதை அறிவதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் சிறந்த சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இடமும் மரபும்

பண்டைக் காலத்தில் தகடூர் என வழங்கிய தருமபுரி, சங்ககால வள்ளல் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராக விளங்கியது. போரில் மாண்ட வீரனுக்கு ஊரார் எடுக்கும் நினைவுக்கல்லாகிய நடுகல் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. அஞ்சிக்கு எடுக்கப்பட்ட நடுகல்லை ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. ஆநிரை கவரும் பூசலில் உயிர்விட்ட வீரர்களின் உருவமும் பெயரும் பொறித்த கற்கள் பிற்காலத்திலும் தொடர்ந்து நடப்பட்டன. அவற்றுள் பல இன்று தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் காக்கப்படுகின்றன. பொது நன்மைக்காக மாண்டவரை உருவமாக்கி ஊர் நடுவே நிறுத்தும் வழக்கம் இப்பகுதிக்குப் பழக்கமானதாகவே இருந்தது. சிவா வந்து தங்கிய காலத்தில் இப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான்.

பாரதமாதா உருவத்தின் தோற்றம்

நாட்டைத் தாயாக எண்ணுதல் பழைய மரபே எனினும், அத்தாய்க்குத் திட்டமான ஓர் உருவம் அமைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே ஆகும். வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திரர் 1882இல் நூலாக வெளியிட்ட ஆனந்தமடம் புதினம் அதற்கு இலக்கிய அடித்தளம் இட்டது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்தெழுந்த 1905ஆம் ஆண்டில் அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய ஓவியம், காவியுடை அணிந்த நான்கு கைகளையுடைய இளந்துறவியாகத் தாயைக் காட்டியது. சுவடி, நெற்கதிர், வெண்துகில், செபமாலை ஆகியவற்றை அவள் ஏந்தியிருந்தாள்; கல்வி, உணவு, உடை, ஆன்மிகம் என்னும் நான்கும் நாடு தன் மக்களுக்கு அளிப்பவை என்பது அவற்றின் குறிப்பாகும். கையில் படைக்கலமோ தலையில் மணிமுடியோ அவளுக்கு இல்லை.

இவ்வோவியத்தைப் போற்றியவர்களுள் ஒருவரான, விவேகானந்தரின் சீடர் நிவேதிதா தேவியைச் சந்தித்த கவிஞர் பாரதியார், 1908இல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்கள் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். பாரதியார் ஆசிரியராகப் பணியாற்றிய இந்தியா வார இதழ், அரசியல் கருத்துப்படங்களைத் தமிழ் இதழியலில் நிலைபெறச் செய்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரசியலைக் கண்ணால் அறிய வழிவகுத்தது. பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வளர்த்த நாட்காட்டி ஓவியக்கலை, சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தெய்வப் படங்களையும் தேசத் தலைவர்களின் படங்களையும் வீட்டுச் சுவர்களில் அருகருகே இடம்பெறச் செய்தது. இந்தியா முழுவதும் பரவிய அச்சுப்படங்களில் தாய்க்கு மணிமுடி, சிங்கம், கொடி, நிலப்படம் ஆகியவை சேர்ந்துகொள்ள, 1905ஆம் ஆண்டின் எளிய துறவி உருவம் படிப்படியாகப் பின்னுக்குச் சென்றது.

சுப்பிரமணிய சிவா

வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்த சிவா, 1908இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாருடன் இணைந்து மேடைகளில் முழங்கியவர். அவ்வாண்டு மார்ச்சில் இருவரும் கைதானதைத் தொடர்ந்து திருநெல்வேலியில் பெருங்கலவரம் வெடித்தது. நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில், அரசை வெறுக்கத் தூண்டும் வகையில் பேசியதாகச் சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆயுள் தண்டனைகளுள் ஒன்று, சிவாவுக்கு இடமளித்து ஆதரித்த குற்றத்துக்கானதாகும். மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது. 1912 நவம்பரில் அவர் விடுதலை பெற்றபோது தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது.

அதன்பின் அவருடைய போராட்டம் எழுத்தின் வழியாகத் தொடர்ந்தது. 1913இல் அவர் தொடங்கிய ஞானபாநு இதழில் பாரதியார், சிதம்பரனார் முதலியோர் எழுதினர். பிரபஞ்சமித்திரன் என்னும் இதழையும் அவர் பின்னர் நடத்தினார். தொழுநோயாளி என்னும் காரணம் காட்டி இரயிலில் செல்ல அரசு தடை விதித்தபோது, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று அவர் பேசினார். தீண்டத்தகாத நோயாளி என ஒதுக்கப்பட்ட ஒருவர், எவரையும் ஒதுக்காத ஒரு கோயிலைக் கட்ட முனைந்தார் என்பது இத்திட்டத்தை மதிப்பிடுவோர் மறக்கக்கூடாத செய்தியாகும்.

பாரதபுரமும் அடிக்கல்லும்

1920களின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டியில் சின்னமுத்து முதலியார் முதலிய நண்பர்களின் உதவியோடு ஏறத்தாழ 6 ஏக்கர் நிலத்தைப் பெற்ற சிவா, அவ்விடத்துக்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டுப் பாரதாசிரமத்தை அமைத்தார். நாட்டுத் தொண்டுக்கு இளைஞர்களைப் பயிற்றும் இல்லமும், அதன் நடுவே தாயின் கோயிலும் என்பதே அவர் வகுத்த திட்டம். 1923இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் ஆவார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடியவரும், 1922 டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவருமான தாஸ், அப்போதுதான் சுயராச்சியக் கட்சியைத் தொடங்கியிருந்தார். தாய் உருவம் பிறந்த வங்கத்திலிருந்து வந்த தலைவர் ஒருவரே தமிழகத்தின் ஒரு சிற்றூரில் அவளுக்குரிய கோயிலின் முதற்கல்லை நட்டார்.

கோயிலுக்குப் பொருள் திரட்ட சிவா நாடகத்தைத் துணைக்கொண்டார். சிவாஜி போன்ற வரலாற்று நாடகங்களை எழுதிய அவர், குழுவோடு ஊர்களுக்குச் சென்று அவற்றை அரங்கேற்றினார். நாடகம் அக்காலத்தில் அரசின் கடுங்கண்காணிப்புக்கு உட்பட்ட கலையாக இருந்தது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் அளித்தது. அத்தடைகளை மீறித் தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற நாடக நடிகர் விசுவநாததாஸ், 1940இல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். சிவாவின் நாடக முயற்சியும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

1925 ஜூன் 16 அன்று தாஸ் காலமானார். ஐந்து வாரங்களுக்குப் பின், ஜூலை 23 அன்று, சிவா பாப்பாரப்பட்டியில் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். அடிக்கல் நாட்டியவரும் நாட்டுவித்தவரும் ஒரே கோடையில் மறைந்த பின்னர், திட்டத்தை முன்னெடுத்துச் செல்லும் ஆற்றலுடையவர் எவரும் அமையவில்லை.

பிற கோயில்களும் பிற நாடுகளும்

இதே எண்ணம் வேறு இடங்களில் நிறைவேறியது. வாரணாசியில் சிவப்பிரசாத் குப்தா எழுப்பி, 1936இல் காந்தியடிகள் திறந்துவைத்த பாரதமாதா கோயிலில் சிலை கிடையாது. பிரிக்கப்படாத இந்தியாவின் மலைகளையும் ஆறுகளையும் காட்டும் சலவைக்கல் நிலப்படமே அங்குக் கருவறைப் பொருளாகும். சுவாமி சத்தியமித்திரானந்தர் அரித்துவாரத்தில் எழுப்பிய பல அடுக்குப் பாரதமாதா கோயில் 1983இல் திறக்கப்பட்டது. தமிழகத்திலோ மொழிக்கும் தாயுருவம் அமைந்தது. கம்பன் அடிப்பொடி சா. கணேசனின் முயற்சியால் காரைக்குடியில் 1975இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தமிழ்த்தாய்க் கோயில் 1993இல் திறக்கப்பட்டது.

தென்கிழக்காசியாவிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. பிலிப்பைன்சில் ஔரேலியோ தொலெந்தினோ எழுதி 1903இல் மணிலாவில் அரங்கேறிய நாடகத்தில், தாய்நாடு இனாங் பாயான் என்னும் பாத்திரமாக மேடையேறியது. அதனால் அமெரிக்க ஆட்சி ஆசிரியரைத் தேசத்துரோகக் குற்றத்தின்பேரில் கைது செய்தது. இந்தோனேசியாவில் இபு பெர்த்திவி என்னும் மண்தாய் விடுதலை இயக்கப் பாடல்களிலும் பின்னர் பள்ளிகளிலும் இடம்பெற்றாள். அன்னிய ஆட்சியின் கீழிருந்த மக்கள் நாட்டின் மீதான உரிமையைக் கலையின் வழியாகவும் நிலைநாட்டினர் என்பதை இவை காட்டுகின்றன.

விடுதலைக்குப் பின்

குடியரசு இந்தியாவில் பாரதமாதா உருவம் அரசியல் பூசலுக்கும் இலக்கானது. ஓவியர் எம். எஃப். உசேன் நிலப்படத்தோடு இணைத்துத் தீட்டிய பெண்ணுருவம், பாரதமாதா என்னும் பெயரில் 2006இல் விளம்பரப்படுத்தப்பட்டபோது பல மாநிலங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. 2008இல் தில்லி உயர்நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்து கலைஞரின் உரிமையை வலியுறுத்திய போதிலும், நாட்டை விட்டு வெளியேறிய அவர் திரும்பி வரவில்லை.

பாப்பாரப்பட்டியில் சிவாவின் நினைவிடத்தைப் பேணிவந்த தமிழ்நாடு அரசு, அவர் எண்ணிய ஆலயத்தை நூலகத்தோடு கூடிய நினைவாலயமாகக் கட்டி 2021இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அது அரசின் நினைவகமா, வழிபாட்டுக்குரிய கோயிலா என்னும் கேள்வி விரைவிலேயே எழுந்தது. 2022 ஆகஸ்டில் அரசியல் கட்சியினர் சிலர் பூட்டை உடைத்து உள்ளே சென்று மாலையிட்டதும், அதன்பேரில் கைது நடவடிக்கை எடுக்கப்பட்டதும் அக்கேள்வியை மாநிலம் முழுவதும் பேசச் செய்தன.

மதிப்பீடு

வாரணாசிக் கோயில் திறக்கப்படுவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்னரே அடிக்கல் கண்டது பாப்பாரப்பட்டித் திட்டம். அது முன்னெடுக்கப்பட்ட காலத்தில் தமிழகத்தின் பல கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நுழைவுரிமை இல்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1939இல்தான். ஆகவே எல்லோரும் நுழையும் கோயில் ஒன்றை 1923இலேயே எண்ணியது, நாட்டுப்பற்றோடு சமூகச் சமத்துவத்தையும் சேர்த்து நிறுவ முயன்ற செயலாகும். எந்த உருவத்தை வைப்பது, எப்பெயரால் அழைப்பது என்பவை காலந்தோறும் மாறக்கூடியவை. எவரையும் வாயிலில் தடுத்து நிறுத்தாமை என்னும் சிவாவின் கோட்பாடே இவ்விடத்தின் வரலாற்றுச் சிறப்புக்கு அடிப்படையாக நிலைத்திருக்கிறது. இதன் பராமரிப்பும் பயன்பாடும் அக்கோட்பாட்டைக் கொண்டே அளக்கப்பட வேண்டும்.