கிராபாட் (நாவல்)

கிராபாட், ஜெர்மானியச் சிறார் எழுத்தாளர் ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லர் எழுதி 1971இல் வெளியான மாயப் புனைவு நாவல். சூனியம் கற்றுத்தரும் ஒரு மாவு ஆலையில் சிக்கிக்கொண்ட சிறுவன் அங்கிருந்து மீண்டு வருவதே இதன் கதை. 1972இல் ஜெர்மன் இளையோர் இலக்கிய விருது பெற்றது. சூனியத்தைப் பேசும் சிறார் நாவல்கள் பல, அதைப் பயமுறுத்தும் பொருளாக மட்டுமே காட்டுகின்றன. அது ஏன் ஒருவனை இழுக்கிறது என்பதை வாசகரே உணரும்படி எழுதப்பட்டிருப்பதுதான் கிராபாட்டின் தனிச்சிறப்பு.

ஆசிரியர்

பிராய்ஸ்லர் 1923இல் பொஹீமியாவின் ரைஷன்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் உள்ள லிபரெட்ஸ். 1942இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஜெர்மன் படையில் சேர்ந்தார். 1944இல் சோவியத் படையிடம் பிடிபட்டு ஐந்தாண்டுகள் போர்க்கைதி முகாம்களில் கழித்தார். விடுதலைக்குப் பின் பவேரியாவில் குடியேறிப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடி எழுதினார். குட்டி நீர்மனிதன், குட்டிச் சூனியக்காரி போன்ற அவருடைய முந்தைய நூல்கள் சிறு குழந்தைகளுக்கான இனிய கதைகள்.

கிராபாட் அவரை எளிதில் விடவில்லை. 1950களின் இறுதியில் தொடங்கிய எழுத்து, இடையிடையே நின்று ஏறத்தாழ பத்தாண்டுகள் இழுத்தது. அது நகராமல் நின்ற ஒரு கட்டத்தில், மனமாற்றத்துக்காக அவர் எழுதிய வேடிக்கைக் கதைதான் கொள்ளையன் ஹோட்சன்பிளோட்ஸ் (1962). கிராபாட் தன்னுடைய கதை, தன் தலைமுறையின் கதை, அதிகாரத்தின் கவர்ச்சியில் சிக்கும் இளைஞர் எல்லாருடைய கதையும்கூட என்று பிராய்ஸ்லர் பின்னர் விளக்கியிருக்கிறார்.

களமும் தொன்மமும்

கதை நடப்பது கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அங்கே போலிஷ், செக் மொழிகளுக்கு உறவான மொழி பேசும் சோர்பியர் என்னும் சிறுபான்மை மக்கள் வாழ்கிறார்கள். கிராபாட் என்னும் நல்ல மந்திரவாதியைப் பற்றி அவர்களிடம் பல வாய்மொழிக் கதைகள் உண்டு. இக்கதைகளுக்கு மூலமாக இருந்தவர் சாக்சனி ஆட்சியாளரின் படையில் பணியாற்றிய யோஹான் ஷாடோவிட்ஸ் என்னும் குரோவாட்டியத் தளபதி. 1704இல் இறந்த அவர் விட்டிஷெனாவ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சோர்பிய எழுத்தாளர்கள் மார்ட்டின் நோவாக்-நொய்மான், யூரிய் பிரேசான் ஆகியோரும் இதே தொன்மத்தை எழுதியிருக்கிறார்கள்.

கதைச் சுருக்கம்

பெற்றோரை இழந்த பதினான்கு வயதுக் கிராபாட், வேறு இரு சிறுவர்களோடு கிறிஸ்துமஸ் கதையின் மூன்று ராஜாக்கள் வேடமிட்டு ஊர் ஊராகப் பிச்சை எடுக்கிறான். ஒரு கம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினோரு அண்டங்காக்கைகள் கனவில் வருகின்றன. ஷ்வார்ட்ஸ்கோல்ம் ஆலைக்கு வா என்று ஒரு குரல் அழைக்கிறது. கனவு திரும்பத் திரும்ப வரவே அவன் புறப்பட்டுப் போகிறான். ஒற்றைக் கண்ணை மறைத்த எஜமானிடம் பன்னிரண்டாவது பையனாக வேலைக்குச் சேர்கிறான்.

அங்கே கூரைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் ஆண்டு முடியும் இரவில் பையன்களில் ஒருவன் சாகிறான். முதல் ஆண்டு, தன்னைத் தம்பிபோல் காத்த மூத்தவன் தோண்டாவைக் கிராபாட் பறிகொடுக்கிறான். அடுத்த ஆண்டு மிகால். தொப்பியில் நெருப்பு நிறச் சேவல் இறகு செருகி, அமாவாசை இரவுகளில் வண்டியோடு வரும் ஒருவனிடம் எஜமான் செய்துகொண்ட ஒப்பந்தம் அது: ஆண்டுக்கு ஓர் உயிர், இல்லையேல் எஜமானின் உயிர்.

மூன்றாம் ஆண்டில் கிராபாட்டுக்கு இரண்டு துணைகள். ஒருவன் முட்டாள் வேடம் போட்டு உயிர் தப்பிவரும் யூரோ. மற்றவள், ஈஸ்டர் இரவில் சோர்பியப் பெண்கள் பாடிச் செல்லும் மரபில் முன்னின்று பாடும் கன்தோர்கா. ஆலையிலிருந்து மீள ஒரே ஒரு வழி உண்டு: அவனை நேசிக்கும் பெண் ஒருத்தி அங்கே வந்து, பன்னிருவரில் அவன் யார் என்று சரியாகக் காட்டினால் எல்லாருக்கும் விடுதலை. தவறினால் இருவருக்கும் சாவு. கன்தோர்கா வருகிறாள்; எஜமான் அவள் கண்ணைக் கட்டிவிடுகிறான். அவளுக்கு என்ன ஆகுமோ என்று கிராபாட்டின் நெஞ்சில் எழும் பயத்தை வைத்தே அவள் அவனைக் கண்டுகொள்கிறாள். அன்றிரவு எஜமான் சாகிறான், ஆலை எரிகிறது, பையன்கள் கற்ற வித்தை எல்லாம் அவர்களை விட்டுப் போகிறது.

சூனியத்தின் இயக்கம்

ஆலையில் கிராபாட்டுக்குக் கிடைக்கும் முதல் வேலை மாவு அறையைப் பெருக்குவது. பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பி மறுபடி படிகிறது. அவன் சோர்ந்து நிற்கும்போது தோண்டா வந்து ஏதோ முணுமுணுத்துக் கையசைக்க, தூசி அத்தனையும் வெளியே பறந்துவிடுகிறது. இந்த நாவலில் சூனியம் முதலில் வருவது ஓர் உதவியாக, ஒரு நண்பனின் கனிவாக. பசித்த பையனுக்குச் சோறும் களைத்த பையனுக்கு ஓய்வும் தரும் ஒன்றை வாசகரால் எப்படி வெறுக்க முடியும்?

பாடம் வெள்ளிக்கிழமை இரவுகளில். பையன்கள் அண்டங்காக்கைகளாகிக் கம்பில் அமர்கிறார்கள். மேசையில் சங்கிலியால் பிணைத்த கோராக்தோர் என்னும் நூல். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. எஜமான் ஒரு பகுதியை மூன்று முறை வாசிப்பான். மனத்தில் நின்றது நிற்கட்டும், நிற்காதது போகட்டும் என்பதே முறை. கிராபாட் அங்கே கேட்கும் முதல் பாடம், ஒரு கிணற்றை வற்றச் செய்யும் வித்தை. உதவியாக வந்த சூனியத்தின் உண்மையான குணத்தை ஆசிரியர் எந்த உபதேசமும் இன்றி இங்கே காட்டிவிடுகிறார்.

விலையும் அப்படித்தான் சத்தமின்றி வாங்கப்படுகிறது. அந்த ஆலையில் முதல் ஆண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சமம். பதினான்கு வயதில் வந்தவன் முதல் ஆண்டு முடிவிலேயே பதினேழு வயது இளைஞன். நன்றாகக் கற்றவனே எஜமானுக்கு ஆபத்தானவன், ஆகவே அவனே முதலில் சாகிறான். கற்பதும் அழிவதும் ஒரே பாதையாகிவிடுகிறது.

வாசிப்பின் சுவை

நாவல் மூன்று ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஆண்டிலும் ஈஸ்டர், அமாவாசை இரவுகள், ஆண்டிறுதி என்று அதே சடங்குகள் திரும்ப வருகின்றன. முதல் சுற்றில் புரியாத திகிலாக இருந்தது, இரண்டாம் சுற்றில் பொருள் விளங்கி இன்னும் கனக்கிறது; மூன்றாம் சுற்றில் அடுத்தது யார் என்ற கேள்வியாகிறது. நாட்டார் கதை சொல்பவரின் சிக்கனமான நடை இந்த அச்சத்தைக் கூட்டுகிறது. நடுவே, காளையாக மாறிச் சந்தையில் விலைபோய், பிறகு வாங்கியவரை ஏமாற்றித் தப்பிவரும் பையனின் கதைபோல் வாய்விட்டுச் சிரிக்கவும் இடமுண்டு. அந்த வித்தைகளில் நாமும் மகிழ்ந்தோம் என்பதால்தான், எஜமான் தன் ஆலையையே கிராபாட்டுக்குத் தர முன்வரும் கட்டம் உண்மையான சோதனையாகிறது. அவன் மறுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது சூனியத்தின் ருசியறிந்த வாசகருக்கே விளங்கும்.

தழுவல்களும் இன்றைய நிலையும்

ஆந்தியா பெல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1972இல் வந்தது. செக் இயக்குநர் காரெல் செமான் 1977இல் இதை அசைவூட்டப் படமாக்கினார். மார்கோ குரொய்ட்ஸ்பைன்ட்னர் இயக்கிய ஜெர்மன் திரைப்படம் 2008இல் வெளியானது. டேவிட் குராஸ் கிராபாட்டாகவும் டேனியல் புரூல் தோண்டாவாகவும் நடித்தனர். பிராய்ஸ்லர் 2013இல் காலமானார். இன்று ஹோயர்ஸ்வெர்டா நகரின் பகுதியாக உள்ள ஷ்வார்ட்ஸ்கோல்மில் கிராபாட் பெயரில் ஓர் ஆலை எழுப்பப்பட்டு, ஆண்டுதோறும் விழாவும் நடக்கிறது.

சாவும் துரோகமும் கண்முன் நடக்கும் கதை என்பதால் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே இது ஏற்றது. அந்த வயதில், அதிகாரம் எப்படி இனிக்கும், அதை எப்படி உதறுவது என்ற இரண்டையும் ஒரே கதையில் காட்ட இதைவிட நல்ல நூல் அரிது.