பதிவேட்டில் ஒரு வரி

ஜில்லா, தாலுகா, வசூல், பாக்கி, ரசீது, ஜாகீர் முதலிய சொற்கள் தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. அரபு, பார்ஸி மொழிச் சொற்களான இவை, அரசாங்கக் கணக்கேடுகளின் வழியே நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தவை. இவற்றுள் 'ஜாகீர்' என்னும் சொல் கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் 1976 வரை உயிருடன் இருந்தது. அவ்வாண்டில்தான் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகியோரின் மூன்று ஜாகீர்களையும் அரசாங்கம் தன் நேர் நிருவாகத்தில் எடுத்துக் கொண்டது.

அந்நாளில் மலையடிவாரத்துச் சமவெளியில் நிலைமை வேறு. அங்கு ஓடிய ஒவ்வொரு பேருந்தும் அரசாங்க ஏட்டில் பதிவாகியிருந்தது. 1914ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டிப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் ஏற்படுத்தியது. 1939ஆம் ஆண்டுச் சட்டமோ, எந்த வண்டி எந்த வழியில் ஓடலாம் என்பதற்குப் 'பர்மிட்' முறையைப் புகுத்தியது. நம் குடும்பங்களில் பஸ், லாரித் தொழிலில் ஈடுபட்டோர் இதன் அருமையையும் தொல்லையையும் நன்கறிவர்.

அச்சட்டம் வகுத்த முறை ஆராயத்தக்கது. பர்மிட் கோரும் மனுவை வெளியிட வேண்டும். மறுப்புரைப்போருக்குத் தவணை தர வேண்டும். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பொதுமக்களின் நலன், அவ்வழியில் முன்பே உள்ள வசதி, குறிப்பிட்ட ஊருக்குக் கிட்டும் நன்மை, சாலையின் நிலை ஆகியவற்றையும் சீர்தூக்க வேண்டும்.

1956இல் சென்னை அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, பட்டறை வசதி, இருப்பிடம், அனுபவம் போன்றவற்றுக்கு மதிப்பெண் வகுத்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தள்ளியது. வழக்குப்போல் விசாரித்துத் தீர்க்க வேண்டிய அதிகாரியை மேலிருந்து வரும் ஆணை கட்டுப்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர்ப் பெரும் பேருந்து நிறுவனங்களை அரசுடைமையாக்க 1971இல் சட்டம் பிறந்தது. கள்ளக்குறிச்சி அடங்கிய தென்னார்க்காட்டிற்கென 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்தில் தொடங்கிற்று.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் மலைவாசிக்கு இடம் எங்கே? பர்மிட் வேண்டி மனுச் செய்பவர் வண்டியின் உரிமையாளர். மறுப்பவர் மற்றோர் உரிமையாளர். சாலையே இல்லாத ஊருக்கு எவரும் மனுச் செய்யார். ஆகவே 'சாலையின் நிலை' என்னும் விதி மலைக்குத் தடையாயிற்று. 'ஊருக்குக் கிட்டும் நன்மை' என்னும் விதி ஏட்டில் உறங்கிற்று.

இக்குறை இன்றும் உயிரோடு விளையாடுகிறது. பேருந்து வாராத ஊரார் சரக்கு வண்டியில் தொற்றிச் செல்கின்றனர். அவ்வண்டியின் பர்மிட்டில் அவர்களுக்கு இடமில்லை. சரக்கு வண்டியில் கட்டணமின்றிச் சென்றவருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி கவிழ்ந்தால், பதிவேட்டிலுள்ள அந்த ஒரு வரியே அவர் பயணியா சுமையா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த பேரறிஞர் அல்-மாவர்தீ, 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் முஹ்தஸிப் எனும் அதிகாரியின் கடமைகளை விவரிக்கிறார். படகு தாங்காத பாரத்தை ஏற்றுவதையும், கடுங்காற்றில் படகு செலுத்துவதையும் தடுப்பது அவற்றுள் ஒன்று. அங்கே அதிகாரியின் கண் படகில் ஏறுபவர்மீது இருந்தது. நம் பர்மிட் ஏடுகளின் கண்ணோ நெடுங்காலம் வண்டியின் உடைமைமீதே பதிந்திருந்தது.

காலம் மெல்லத் திரும்புகிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானே வழக்காக எடுத்துச் சாலை வசதி குறித்தும் வினவியது. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டருக்கு மிகலாகாது. அதில் 65 விழுக்காடேனும் இதுவரை பேருந்து ஓடாத பாதையாக இருத்தல் வேண்டும். பேருந்து இல்லை என்பதே இங்கு உரிமைக்குச் சான்றாகிறது. ஆனால் அந்த 'இல்லை' முதலில் ஏட்டில் ஏற வேண்டும்.

பழைய தடித்த ஏடுகள் போய், 'வாகன்' என்னும் கணினிப் பதிவு வந்துவிட்டது. வண்டியின் எண்ணைத் தட்டினால் தகுதிச் சான்று, வரி, காப்பீடு யாவும் நொடியில் தெரிகின்றன. எந்த மலையூர் இன்னும் ஒரு வண்டிக்காகக் காத்து நிற்கிறது என்பதையும் அதே தெளிவுடன் எழுதி வைக்கும் நாளில்தான் அந்த ஏடு முழுமை பெறும் என நாம் கருதுகிறோம்.