அறைந்தவனிடம் ஒரு கேள்வி: தனிமனிதத் தாக்குதலும் கிறிஸ்தவ மன்னிப்பும்

கிறிஸ்தவ மன்னிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் மத்தேயு 5:39இல் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். மறு கன்னத்தையும் காட்டச் சொல்லும் அவ்வசனம், தாக்கப்பட்டவர் வாய் திறவாதிருப்பதே கிறிஸ்தவப் பண்பு என்ற முடிவுக்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது. இம்முடிவை ஏற்பதற்கில்லை. தன்மேல் விழுந்த அடிக்குப் பழிவாங்காமல் விடுவதும், நடந்தது தவறு என்று அடித்தவரிடமே சொல்வதும் ஒரே செயலின் இரு கூறுகள். இரண்டாவதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது மன்னிப்பன்று, ஒதுங்கிப்போதல். 1962 முதல் 1964 வரை மார்ட்டின் லூதர் கிங் எதிர்கொண்ட மூன்று தாக்குதல்களைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

அதற்குமுன் யோவான் 18:22-23. அன்னாவின் முன்னிலையில் நடக்கும் விசாரணையில் சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். அவர் மறு கன்னத்தைத் திருப்பவில்லை. தாம் பேசியது தவறென்றால் அதை நிரூபிக்கும்படியும், சரியென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்கிறார். மலைப்பிரசங்கம் செய்தவரே அதை எழுத்துப்படி கடைப்பிடிக்கவில்லை என்ற இந்த இக்கட்டை அகுஸ்தினார் கண்டிருந்தார். மார்செல்லினுக்கு எழுதிய 138ஆம் கடிதத்தில், அக்கட்டளை உள்ளத்தின் ஆயத்தத்தைக் குறிப்பது, உடல் செய்ய வேண்டியதைக் குறிப்பதன்று என்று விடை தருகிறார். உள்ளத்தில் அன்பு இருந்தால் கை கண்டிப்பு காட்டலாம் என்பது அவர் கருத்து. விடை கூர்மையானது, ஆபத்தானதும்கூட. பிரிந்துநின்ற தொனாத்திஸ்துக் கிறிஸ்தவர்களை அரசின் வற்புறுத்தலால் திருச்சபைக்குள் கொண்டுவரலாம் என்று அவரே வாதாடியபோது, அன்புள்ள கண்டிப்பு என்ற இதே கருத்துதான் கைகொடுத்தது. ஆகவே உள்ளத்தை மட்டும் பார்த்தால் போதாது, கை என்ன செய்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

1962 செப்டம்பர் 28 அன்று, பர்மிங்ஹாமில் தமது இயக்கத்தின் மாநாட்டில் கிங் பேசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க நாஜிக் கட்சியைச் சேர்ந்த ராய் ஜேம்ஸ் மேடையேறி அவர் முகத்தில் குத்தினார். கிங் தம் கைகளைத் தாழ்த்திக்கொண்டார் என்று நேரில் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரைத் தொடாதீர்கள் என்று தம் ஆட்களைத் தடுத்தார். புகார் கொடுக்கவும் விரும்பவில்லை. ஆனாலும் வழக்கு நடந்தது, ஜேம்ஸுக்குத் தண்டனையும் கிடைத்தது. தமக்குரிய பழியைக் கிங் விட்டுக்கொடுத்தார். சட்டம் தன் வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை.

உடல்மேல் விழுந்த அடியைவிட எழுத்தில் வந்த தாக்குதல் நமக்கு அதிகம் கற்பிக்கிறது. 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று கிங் பர்மிங்ஹாமில் கைதானார். அதே நாள் தேதியிட்டு, வெள்ளையரான எட்டுச் சமயத் தலைவர்களின் அறிக்கை வெளிவந்தது. போராட்டம் காலமறியாதது, வெளியாரால் தூண்டப்பட்டது என்றது அறிக்கை. கிங்கின் பெயர் அதில் இல்லை. யாரைச் சொல்கிறது என்பதில் ஐயமும் இல்லை. செய்தித்தாளின் ஓரங்களில் அவர் எழுதத் தொடங்கிய மறுமொழிதான் ஏப்ரல் 16 தேதியிட்ட பர்மிங்ஹாம் சிறைக் கடிதம். எண்மரையும் நல்லெண்ணம் கொண்டவர்களாகவே அது ஏற்றுக்கொள்கிறது. பிறகு அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து மறுக்கிறது. மிதவாத வெள்ளையர்மீது கடுமையான குற்றச்சாட்டை வைக்கிறது. நடுவில் ஓர் இடம். எண்மரில் ஒருவரான பாப்டிஸ்ட் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ் தம் ஆலய ஆராதனைக்குக் கறுப்பினத்தவரை வரவேற்று வெள்ளையரோடு சேர்ந்து அமரவிட்டார் என்பதைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் கிங். தன்னைக் குறைசொன்னவரின் கணக்கில் வரவையும் சேர்த்து எழுதுவது, கோபத்தில் இருக்கிறவனுக்கு எளிதன்று. இறுதியில் மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மிகைபடச் சொல்லியிருந்தால் அந்த எண்மரிடம் மன்னிப்பு; குறைத்துச் சொல்லியிருந்தால் கடவுளிடம் மன்னிப்பு. மனிதரைப் புண்படுத்துவதைவிட உண்மையை மழுப்புவது பெரிய குற்றம் என்ற தரவரிசை அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த எண்மரைப் பற்றி 2001இல் நூல் எழுதிய ஜோனத்தன் பாஸ், கடிதம் அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்று கருதுகிறார். இனப்பிரிவினை வெறியர்களின் மிரட்டலையும் தாங்கியவர்கள் அவர்கள். கடிதம் உலகப்புகழ் பெற்றதும் வெறும் அடையாளப் பொம்மைகள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான ரப்பி மில்டன் கிராஃப்மன் இந்த வருத்தத்தைக் கடைசிவரை சுமந்தார். இதில் உண்மை இருக்கிறது. உலகம் படிக்க எழுதப்படும் கடிதம், பெறுநரைச் சகோதரர் என்று அழைத்தாலும், அவரைக் காட்சிப்பொருளாக்காமல் இருக்க முடியாது. ஸ்டாலிங்ஸ் பற்றிய அந்த வரி இச்சேதத்தைக் குறைக்கிறது, நீக்கவில்லை.

மூன்றாவது தாக்குதல் 1964 நவம்பர் 18 அன்று வந்தது. எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர், நாட்டிலேயே பேர்பெற்ற பொய்யர் என்று கிங்கைப் பத்திரிகையாளர்களிடம் பழித்தார். பொறுப்புகளின் சுமையால் ஹூவர் தளர்ந்திருக்கிறார், அவர்மேல் எனக்கு இரக்கமே என்ற பொருளில் கிங் அறிக்கை விட்டார். டிசம்பர் 1 அன்று நேரில் சந்தித்தார். ஆனால் எஃப்.பி.ஐ.யின் ஒட்டுக்கேட்புப் பதிவு வேறொன்று சொல்கிறது: ஹூவருக்கு வயதாகிப் புத்தி தடுமாறுகிறது, அவரை எல்லாப் பக்கமிருந்தும் தாக்க வேண்டும் என்று நெருங்கியவர்களிடம் கிங் பேசியிருக்கிறார். இதைப் பாசாங்கு என்று ஒதுக்குவது எளிது. அகுஸ்தினாரின் சூத்திரம் இங்கே தலைகீழாகியிருக்கிறது என்பதே என் வாசிப்பு. அங்கே உள்ளம் அன்பாயிருக்க, கை கண்டிக்கலாம். இங்கே உள்ளம் எரிகிறது, கை அடங்கியிருக்கிறது. 1726இல் வெளியான பிரசங்கங்களில் ஆயர் ஜோசப் பட்லர் சொன்னது கிங்கின் நிலையோடுதான் பொருந்துகிறது: அநீதி கண்டு சினம் கொள்வது இயல்பு, அதுவே பாவமன்று, அது பழிவாங்கலாக மீறுவதுதான் குற்றம். இந்த அளவுகோலில் கிங்கும் முழுமையாகத் தேறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பக்கமிருந்தும் தாக்கச் சொன்னது வெறும் சினம் அன்று.

இவ்வளவுக்குப் பிறகும் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸின் எதிர்ப்பு நிற்கிறது. 1993இல் வந்த நூலில் அவர், கறுப்பினப் பெண்கள் காலங்காலமாகப் பிறருக்குப் பதிலாகத் துன்பம் சுமக்க வைக்கப்பட்டார்கள் என்றும், துன்பத்தில் மீட்பைக் காணும் இறையியல் அச்சுமையைப் புனிதமாக்குகிறது என்றும் வாதிட்டார். 1962 மேடைக்கு இது பொருந்தாது. அடிபட்டவர் கிங், விட்டுக்கொடுத்தவரும் அவரே. ஆனால் 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் பதினாறாம் தெரு ஆலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தபின், இறுதிச் சடங்கு உரையில், அக்குற்றமற்ற இரத்தம் மீட்பின் ஆற்றலாகலாம் என்ற பொருளில் அவர் பேசினார். அங்கே வில்லியம்ஸின் விமர்சனம் கிங்கையும் தொடுகிறது. மன்னிக்கச் சொல்லும் லூக்கா 17:4 பேசுவது, உனக்கு எதிராகக் குற்றம் செய்து மனம் திரும்பி வருகிறவனைப் பற்றி. அந்தச் சிறுமிகளின் தாய்மாருக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்கும் உரிமையோ, மன்னியுங்கள் என்று அவர்களைக் கேட்கும் உரிமையோ, தன் முகத்தில் விழுந்த குத்தை மன்னித்ததால் ஒரு போதகருக்கு வந்துவிடுவதில்லை.